ஜீப்புக்கு ரப்பர் பால் கொடுத்த கதை

பயந்த சுபாவக்காரர்கள் எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார்கள். கேஸை மூடினோமா, கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டோமா, தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிறதா என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்காமல் விடும் இடம் ஒன்றே ஒன்றுதான். தங்கள் கையாலேயே, தாங்களே, மிக ஒழுங்காகச் செய்து முடித்த காரியம். அதில் தவறு இருக்க முடியாது என்று ஒரு பாழாய்ப்போன நம்பிக்கை. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டு ஜீப் அந்த நம்பிக்கையால்தான் செத்தது. அன்று செத்தது ஜீப் மட்டும்தான் என்பதற்காக இன்றுவரை ஜெபத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தோவாளைப் பக்கம். வயலும் பூவும் சமதரையும்தான் எனக்குத் தெரியும். மலை என்பது பஸ் ஜன்னலில் தூரத்தில் தெரியும் ஒரு பொருள். கல்யாணம் என்னை அந்தப் பொருளின் மேலேயே ஏற்றிவிட்டது. பேச்சிப்பாறை தாண்டி, ஒரு காட்டாற்றுக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்தின் நடுவில் புகுந்த வீடு. ஆற்றுக்குப் பாலம் கிடையாது. தண்ணீரிலேயே இறங்கித்தான் கடக்க வேண்டும். அதற்காக மாமனார் உயிரோடிருந்தபோது வாங்கிப்போட்ட ஒரு பழைய ஜீப் இருந்தது. கதவுகள் இல்லை, பக்கவாட்டில் படுதாதான்.

கணவர் செல்வின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வீட்டில் நான், மாமியார், இரண்டு வயது மகன் ஜோயல். ஜீப்பை ஓட்ட மணி என்று ஒரு டிரைவர் வந்து போவார்.

அந்த வீட்டில் எனக்குப் புதிதாக இருந்தது ஒரு பழக்கம். எங்காவது ஓட்டை தெரிந்தால் எல்லோர் வாயிலும் வருவது ஒரே மருந்து, ரப்பர் பால். வாளி ஒழுகினாலும், தண்ணீர்க் குழாய் கசிந்தாலும், மாமியின் செருப்பு வாய் பிளந்தாலும் மரத்தில் வடியும் பாலைத் துணியில் தொட்டு அப்பிவிடுவார்கள். காய்ந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். (என் டிபன் பாத்திரத்தின் ஓட்டையும் அப்படித்தான் அடைபட்டது. அதில் போட்ட இட்லி ஒரு மாதம் டயர் மணத்தது.) முதலில் முகம் சுளித்தேன். இரண்டு வருடத்தில் நானே குளியலறைக் குழாய்க்கு அப்பத் தொடங்கிவிட்டேன்.

ஐப்பசி மழைக்காலம் அது. காலையில் ஜோயலுக்குக் காய்ச்சல். அவனுக்கு முன்பு ஒரு தடவை காய்ச்சலில் வலிப்பு வந்திருந்தது. கண் மேலே சொருகி, கைகால் வெட்டி, என் மடியிலேயே பிள்ளை நீலம் பாரித்ததைப் பார்த்தவள் நான். "இனி காய்ச்சல் ஏறினால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்று குலசேகரம் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து தெர்மாமீட்டர் என் தாலிச் சங்கிலி மாதிரி ஆகிவிட்டது. அன்று காலை மருந்து கொடுத்தும் பாதரசம் இறங்கவில்லை. நூற்று மூன்று.

மணியோ தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தார். நடந்து போகலாமென்றால் ஆற்றில் ஆள் நிற்க முடியாத வேகம்.

"நீ ஓட்டுவியா மக்ளே?" என்று மாமி கேட்டார்.

செல்வின் முந்தைய லீவில் எனக்கு ஜீப் ஓட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். தோட்டத்துக்குள் நாலு சுற்று ஓட்டி, ஒரு ரப்பர் மரத்தை லேசாக இடித்த அனுபவம் இருந்தது. "ஓட்டுவேன் மாமி" என்றேன். என் குரல் எனக்கே பக்கத்து வீட்டிலிருந்து கேட்பது போலிருந்தது.

மாமி பிள்ளையைத் தயார் செய்தார். "சாரலாக்கும். காத்து ஏறிச்சுன்னா ஜன்னி வரும். நல்லா மூடிக் கொண்டு போணும்." ஸ்வெட்டர், காதை மறைக்கும் குல்லா, அதன்மேல் துவாலை, எல்லாவற்றுக்கும் மேல் செல்வின் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த, புலிப் படம் போட்ட தடித்த கம்பளி. எனக்குள் ஏதோ ஒன்று இவ்வளவு வேண்டாமே என்றது. பெரியவர்கள் சொல்கிறார்களே என்று இன்னொன்று சொன்னது. (எனக்குள் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். இரண்டு பேரும் படித்தவர்கள். ஆகையால் ஒரு முடிவுக்கும் வரமாட்டார்கள்.) கடைசியில் புலிக்குள் பிள்ளையின் மூக்கு மட்டும் தெரிந்தது.

ஆற்றங்கரைக்கு வந்ததும் செல்வின் சொல்லிக்கொடுத்த பாடம் நினைவு வந்தது. ஜீப் தண்ணீரில் இறங்கும்போது முன்பக்கம் வழியாக வெள்ளம் உள்ளே ஏறும். எஞ்சின் விசிறி அதை வாரி எஞ்சின் மேலேயே அடிக்கும். வண்டி இருமி நடு ஆற்றில் நின்றுவிடும். அதைத் தடுக்க முகப்புக் கம்பிகளுக்கு மேல் ஒரு மறைப்புக் கட்ட வேண்டும். மற்ற ஊர்களில் படுதாவோ சாக்கோ கட்டுவார்களாம். எங்கள் வீட்டில் ரப்பர் ஷீட். பாலை உறையவைத்து, உருட்டித் தட்டையாக்கி, பாய் போல் காயப்போடுவார்களே, அதில் ஒன்று எப்போதும் வண்டியிலேயே கிடக்கும். மழையில் இறங்கி நான்கு மூலையையும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினேன். கட்டியதை இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் கட்டிய முடிச்சு அது. அசையவில்லை.

ஆற்றில் இறங்கினோம். தண்ணீர் கால் வைக்கும் இடம்வரை வந்தது. மாமி கண்ணை மூடி ஜெபித்தார். நானும் மூடியிருப்பேன், ஓட்டிக்கொண்டிருந்தபடியால் மூடவில்லை. வண்டி இருமவில்லை. அக்கரை ஏறியபோது மாமி "ஸ்தோத்திரம்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. நிற்க நேரமில்லை. அப்படியே ஏற்றத்தில் விட்டேன்.

இரண்டாவது வளைவில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. இடது கையால் பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. முள்ளைப் பார்த்தேன். அதுவும் கொதித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறுகிறதே என்று ஒரு பைத்தியக்காரப் பயம் பிடித்துக்கொண்டது. முள் சிவப்பைத் தொட்டதும் நிறுத்தினேன். முன்னாலிருந்து ஆவி வந்தது.

பானெட்டைத் தூக்கி, பதற்றமில்லாமல், முறைப்படி ஆராய வேண்டும் என்று முடிவு செய்தேன். (பதற்றத்தில் இருப்பவர்கள்தான் இப்படி முடிவு செய்வார்கள்.) பெல்ட் அறுந்திருக்கிறதா? இல்லை. விசிறி? நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ரப்பர் குழாய்கள்? வெடிப்பில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, ஆறும்வரை பொறுக்காமல், கையில் ஒரு பழந்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். கொதிநீர் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி என் மணிக்கட்டில் விழுந்தது.

"ஐயோ எனக்க பிள்ளே!" என்று மாமி அலறினார்.

"ஒண்ணுமில்ல மாமி" என்றேன். தோல் உரிந்திருந்தது.

குனிந்து பார்த்தால் வண்டிக்கடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பொங்கி வழிந்தது சொட்டுகிறது என்று ஒரு சாதாரண மனுஷி நினைத்திருப்பாள். நான் ஆராய்ச்சியாளர் ஆயிற்றே. "மாமி, ரேடியேட்டர்ல ஓட்டை. ஒழுகுது" என்று அறிவித்தேன். ஜோயலுக்காகக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொண்டுவந்த தண்ணீரை அதில் ஊற்றினேன். போதாமல் பாறையில் ஒழுகிய ஊற்றிலும் பிடித்து ஊற்றினேன்.

அந்த வளைவில் மட்டும் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். மஸ்கட்டுக்குக் கூப்பிட்டு அழுதேன்.

"ஏட்டி, கரையாத. பிள்ளைக்க சூடு எப்படி இருக்கு?"

"குறையல. வண்டியும் சூடாகுது. ரெண்டும் சூடாகுது."

"பதறாத. ஒண்ணொண்ணா சொல்லு. பெல்ட்டு தொளதொளன்னு கெடக்கா?"

"இல்ல. விறைப்பா இருக்கு."

"விசிறி?"

"சுத்துச்சு."

"ரேடியேட்டர்ல வெள்ளம்?"

"ஊத்தியாச்சு. ஆனா ஒழுகுது."

"ஆத்துல இறங்கினேல்லா. ஷீட்டு கெட்டினியா?"

"பின்னே! நாலு மூலையும் கெட்டி இழுத்துப் பாத்தேன்."

"கொள்ளாம். எனக்க பொண்டாட்டியாக்கும்" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை. அதோடு சிக்னல் போய்விட்டது.

(அந்த உரையாடலை இன்றும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். ஒரே ஒரு கேள்வி பாக்கியிருந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.)

வண்டியை எடுத்தேன். ஒரு வளைவு தாண்டுமுன் முள் மறுபடி சிவப்புக்கு வந்தது. ஓட்டைதான், சந்தேகமில்லை. அடைக்க என்ன வழி என்று திரும்பியபோது ஜீப்பின் பின்னால் அந்தக் கேன் தெரிந்தது. மணி கடைக்குக் கொண்டுபோகாததால் தங்கிப்போன ரப்பர் பால், உறையாமலிருக்க அமோனியா கலந்தது.

என் படிப்பு அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியது. சூடு பட்டால் பால் உறையும். ஓட்டை வழியாகப் பால் வெளியே வரும்போது அங்கேயே உறைந்துகொள்ளும். உறைந்தால் ஓட்டை அடைபடும். இந்தத் தர்க்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ரேடியேட்டருக்குள் சூடில்லாத இடமே கிடையாது என்பது மட்டும் தோன்றவில்லை.

"மாமி, ரப்பர் பால் ஊத்தட்டா?"

மாமியின் முகம் மலர்ந்தது. "அதாக்கும் சரி. ஒனக்க மாமா இருந்தா இதைத்தான் முதல்ல செய்திருப்பாவ. நீ படிச்ச பிள்ளை, தயங்காத."

அந்த வீட்டுக்கு வந்த பிறகு மாமியும் நானும் ஒரே கருத்தில் நின்றது அன்றுதான். மூடியைத் திறந்து, வெள்ளை வெளேரென்று, பாதிக் கேன் ஊற்றினேன்.

எஞ்சினைக் கிளப்பினேன். குனிந்து பார்த்தேன். சொட்டு நின்றிருந்தது! "மாமி, அடைஞ்சிட்டு!" என்று கத்தினேன். மாமி கர்த்தருக்கு நன்றி சொன்னார். வண்டி ஏறத் தொடங்கியது. இன்னும் அதிசயம், சூடு காட்டும் முள் இறங்கியது. சிவப்பிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து அடிக்கு. குளிர்ந்துவிட்டது! பிள்ளையைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம்தான் மக்ளே" என்றேன். சூட்டை அளக்கும் குமிழைச் சுற்றி ரப்பர் அப்பிக்கொண்டால் முள் எதையும் காட்டாது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம், முள் தரையில் படுத்திருக்கிறது, ஆனால் எங்கேயோ டயர் எரிகிற நாற்றம்.

பிறகு முன்னால் இரும்பை இரும்பு கடிப்பது போல ஒரு சத்தம். வண்டி குலுங்கி நின்றது. சாவியைத் திருகினேன். ஒரு முனகல்கூட இல்லை.

அந்த அமைதியில்தான் மாமியின் மடியிலிருந்த கம்பளி அசைவதைக் கண்டேன். மாமி, "மக்ளே, பிள்ளைக்குக் கண்ணு சொருவுது" என்றார்.

இதைச் சிரிப்பாக எழுத எனக்குத் தெரியவில்லை. அவன் உடம்பு விறைத்தது. பிறகு வெட்டத் தொடங்கியது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று முன்பே சொல்லித் தந்திருந்தார்கள். ஜீப்பின் பின்பக்கமெல்லாம் சிந்திய பாலும் கேனும். சாலையோ சேறு. "கீழே கிடத்த என்னமாவது வேணும் மாமி, என்னமாவது!" என்று அலறினேன்.

மாமி ஓடினார். வண்டியின் முன்னால் போய், கம்பிகளை முறுக்கி இழுத்து, எதையோ பிடுங்கிக்கொண்டு வந்து தரையில் விரித்தார். அதன்மேல் பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தினேன். கடைவாயில் நுரை. நான் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு எண்ண முயன்றேன், எண்கள் மறந்துவிட்டன. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. மெல்ல வெட்டு நின்று, உடம்பு தளர்ந்து, அவன் ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு சிணுங்கினான். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அப்போதுதான் அவன் எதன்மேல் கிடக்கிறான் என்று பார்த்தேன். ரப்பர் ஷீட்.

நிமிர்ந்து ஜீப்பைப் பார்த்தேன். முகப்புக் கம்பிகள் பளிச்சென்று திறந்து கிடந்தன. உள்ளே ரேடியேட்டர் தெரிந்தது. ஆற்றிலிருந்து இதுவரை அதற்கு துளிக் காற்றுகூடப் போகாதபடி நான்தான் மூடிக் கட்டியிருந்தேன். "அக்கரை ஏறினதும் அவுத்துரணும், மறந்தா எஞ்சின் வெந்துபோகும்" என்று செல்வின் சொன்ன பாடத்தின் மறுபாதி அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. ஓட்டையே இருக்கவில்லை. பானெட்டைத் தூக்கி ஆராய்ந்தபோதெல்லாம் அந்த ஷீட் என் முழங்காலில் உரசிக்கொண்டு தொங்கியது. கை வெந்தபோது அதன் ஈரத்தில்தான் கையை ஒற்றியிருந்தேன்.

"என்ன மக்ளே அப்படிப் பாக்க?" என்றார் மாமி.

"ஒண்ணுமில்ல மாமி."

பக்கத்தில் பிரிந்த மலைப்பாதையிலிருந்து ஒரு வெள்ளை வேன் இறங்கி எங்கள் சாலைக்கு வந்தது. நடுச்சாலையில் கையை விரித்து நின்றேன். வேன் நின்றது. பக்கவாட்டில் கறுப்பு எழுத்தில் 'இறந்தவர் உடல் வைக்கும் குளிர்பதனப் பெட்டி வாடகைக்கு' என்று எழுதி, ஒரு கண்ணீர்த் துளி வரைந்திருந்தது. ஓட்டியவர் பெயர் தங்கராஜ், ஐம்பது வயதிருக்கும்.

"பிள்ளைக்கு என்னாச்சும்மா?"

"காய்ச்சல். இப்பதான் வலிப்பு வந்து நின்னுது. குலசேகரம் போணும்."

"ஏறுங்க, ஏறுங்க. முன்னால ஜெனரேட்டர் கெடக்கு. பின்னால ஏறுங்க."

மாமி அந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கிரேஸே, இதிலயா?"

"பேடிக்காதீங்க அம்மச்சி. பெட்டி காலியாக்கும். ஆளை அடக்கம் பண்ணியாச்சு."

மாமி ஒரு காலைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டார். "ஆளு ஆரு?"

"மேலே எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு தாத்தா. தொண்ணூறு தாண்டினவரு."

"அப்பம் சாரமில்ல" என்று சொல்லி மாமி ஏறினார்.

உள்ளே நீளமாக அந்தப் பெட்டி. மேலே கண்ணாடி, பக்கமெல்லாம் எவர்சில்வர். உட்கார வேறு இடமில்லை, அதில் சாய்ந்துதான் இருக்க வேண்டும். வளைவுகளில் ஜோயல் சிணுங்கிக்கொண்டே இருந்தான். ஒரு திருப்பத்தில் அவன் கன்னம் அந்த எவர்சில்வரில் பட்டது. அது இன்னும் சில்லென்று இருந்தது. சிணுங்கல் நின்றது. நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மறுபடி அழுதான். எனக்குள் இருக்கும் இரண்டு பேரும் வழி முழுக்க வாதாடினார்கள். கடைசியில் பிள்ளை அவர்களைக் கேட்காமல் தானே தலையைச் சாய்த்து அதில் கன்னத்தை வைத்துக்கொண்டான். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவன் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். முதலில் கம்பளியை விலக்கினார். "இது என்ன, புலியா?" பிறகு துவாலை, குல்லா, ஸ்வெட்டர். ஒவ்வொன்றாக மேசையில் குவித்தார். ஊசியும் மருந்தும் போட்டு, நர்ஸை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சல்ல உடம்பு சூட்டை வெளியே விட்டு ஆறணும். நீங்க இப்படி நாலு பக்கமும் மூடிக் கட்டினா சூடு எங்கேம்மா போகும்?"

நான் மாமியைப் பார்க்கவில்லை. மாமி என்னைப் பார்க்கவில்லை. ஒரே காலையில், ஒரே வீட்டில், இரண்டு பேரை மூடிக் கட்டியிருக்கிறோம்.

"படிச்சவங்கதானே நீங்க?"

"ஆமா டாக்டர்."

"என்ன படிச்சீங்க?"

"பிசிக்ஸ்" என்றேன்.

மூடிக் கட்டியதால் வலிப்பு வந்ததா, வராமலே இருந்திருக்குமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, சில பிள்ளைகளுக்கு வரும், பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும் என்றார். இரவெல்லாம் அந்த "அப்படிச் சொல்ல முடியாது" என்பதையே புரட்டிக்கொண்டிருந்தேன். விடிந்தபோது ஜோயல் எழுந்து பன் கேட்டான். கொடுத்தேன். முழுவதும் தின்றான். அவன் மெல்லுவதைப் பார்த்து நானும் மாமியும் மாறி மாறி அழுதோம்.

ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ரேடியேட்டரைப் பிளந்தபோது உள்ளே ஒவ்வொரு குழாயிலிருந்தும் சேமியா போல ரப்பர் வந்ததாம். எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பழைய இரும்புக்குத்தான் போயிற்று. செல்வினிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அவுத்தியான்னு கேக்காம விட்டது நானாக்கும்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். ஆற்றுக்குப் பாலமும் வந்துவிட்டது. ஜோயலுக்கு அதன்பிறகு வலிப்பு வரவில்லை. நான்காம் வகுப்பு படிக்கிறான்.

மிச்சமிருப்பது அந்த வேன்காரரின் போன் நம்பர். அன்று ஆஸ்பத்திரி வாசலில் வாங்கி, பதற்றத்தில் 'ஐஸ் பெட்டி' என்று போட்டு வைத்தேன். பிறகு மாற்றவில்லை. ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் கூப்பிடுவார். சாப்பாட்டு மேசையில் கிடக்கும் போனில் அந்தப் பெயர் ஒளிர்ந்ததும் வீடே ஒரு கணம் அடங்கிப்போகும். "எல்லாரும் இருக்கோமான்னு எண்ணிப் பாத்துக்கோ" என்பார் செல்வின். மாமி போனைத் தொடமாட்டார். "நீயே எடு. எனக்கு இன்னும் நேரம் ஆவல."

தங்கராஜ் அண்ணன் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. "சுகமா? பையனைக் கூப்பிடுங்க. அவனுக்க குரல் கேக்கணும்" என்பார். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பேன்.

"மாமா, நான் இப்ப நாலாங் கிளாஸ்" என்று போன தடவை ஜோயல் கத்தினான்.

"நல்லா இரு மக்கா" என்று அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. "எனக்க வண்டியில பின்னால ஏறினவங்கள்ல பொறவு வாய் தொறந்து பேசினது நீ ஒருத்தன்தாம்லே."

மாமி உடனே திருத்தினார், போனுக்கு எட்டாத தூரத்தில் நின்றபடி. "நாங்களும் ரெண்டு பேரு உண்டு, கேட்டியா!"